காலையில் நன்றாக இருந்த கால்

"அக்கா, காலையில நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு. இப்பப் பாத்தா முன்னங்கால் வீங்கிக் கெடக்கு, ஊனவே மாட்டேங்குது. என்ன மாத்திரை குடுக்கலாம்?"

கோவில்பட்டிப் பக்கம் நாய் வளர்க்கிறவள் என்று நாலு பேருக்குத் தெரிந்துபோனதால் இப்படி அழைப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. நான் மருத்துவர் இல்லை. சிப்பிப்பாறையும் நாட்டு நாயும் எப்போதும் திண்ணையில் கிடக்கும் வீட்டில் வளர்ந்தவள். டாக்டர்களிடம் கேட்டும், சிகிச்சை நடக்கும்போது தலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அழைக்கிற எல்லோரும் மாத்திரையைத்தான் முதலில் கேட்கிறார்கள். அது கடைசியில் வர வேண்டிய கேள்வி, அதுவும் டாக்டரிடம். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எப்போது பார்த்தீர்கள், அப்போது இருந்ததைவிட இப்போது வீக்கம் ஏறியிருக்கிறதா?

ஏனென்றால் ஒவ்வொரு வீக்கத்துக்கும் ஒரு வேகம் உண்டு. குளவியோ தேனீயோ கொட்டினால் பாதம் நிமிடங்களில் உப்பிவிடும், பெரும்பாலும் அதோடு நின்றும்விடும். விரியன் கடித்த கால் கண்ணெதிரிலேயே மேலே மேலே ஏறிக்கொண்டு போகும். இன்னொரு நாயோடு சண்டை போட்டதில் கோரைப்பல் இறங்கிய இடம் அன்றைக்கு ஒன்றுமில்லாதது போலத்தான் தெரியும். மேல்தோல் மூடிக்கொண்டு, உள்ளே சீழ் பிடித்து, இரண்டு மூன்று நாள் கழித்துச் சூடாகப் புடைத்துக்கொண்டு வரும். வேலிமுள் ஒடிந்து உள்ளே தங்கினாலும் இதே போக்குதான். எலும்பில் வளரும் கட்டிக்கோ வாரக்கணக்கு.

அதனால் 'திடீர்' என்று நாம் சொல்வதையும் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். வீக்கம் திடீரென்று வந்ததா, நம் கண்ணில் திடீரென்று பட்டதா? போன மாதம் திண்ணையில் தாவி ஏறிய நாய் இந்த மாதம் படி வழியாக ஏறுகிறதா? எழுந்ததும் நாலு எட்டு தாங்கித் தாங்கி நடந்துவிட்டு அப்புறம் சரியாகிறதா? வீட்டில் யாராவது ஒருவர், அனேகமாகச் சோறு வைக்கிறவர், இதைக் கவனித்திருப்பார். அவரைக் கேளுங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவதும் இதைத்தான்.

வீக்கத்தைப் பார்த்தவுடன் செய்யக்கூடிய உருப்படியான காரியம், மணி பார்ப்பது. முடியை ஒதுக்கி, வீக்கம் முடிகிற விளிம்பில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். பக்கத்திலேயே நேரத்தை எழுதுங்கள். இரண்டு கால்களும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி போனில் ஒரு படம். கால்மணி நேரத்தில் வீக்கம் கோட்டைத் தாண்டியிருந்தால், அதற்கு மேல் வீட்டில் வைத்துப் பார்க்க எதுவுமில்லை. விஷக்கடி என்று சந்தேகம் இருந்தால் அந்தக் கால்மணி நேரத்தைக்கூட வீட்டில் கழிக்க வேண்டாம். கோட்டைப் போட்டுவிட்டு ஆட்டோவில் ஏறுங்கள், போகிற வழியில் பாருங்கள்.

தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் ஒன்று. உங்கள் தட்டில் சோறு தின்கிற நாயாக இருந்தாலும், வலி உச்சத்தில் இருக்கும்போது கடிக்கும். அதில் துரோகம் எதுவுமில்லை, உடம்பு அப்படித்தான் வேலை செய்யும். ஒரு துப்பட்டாவையோ அகலமான துணிப் பட்டையையோ மூக்கைச் சுற்றி ஒரு முடிச்சு, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு, பிறகு காதுகளுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டினால் போதும். ஆனால் வாந்தி எடுக்கிற, மூச்சு இரைக்கிற, முகம் வீங்கிய நாய்க்கு வாயைக் கட்டவே கூடாது. பக் மாதிரி மூக்குச் சப்பையானவற்றுக்கும் வேண்டாம். தெரியாத தெரு நாய், கால் இழுக்கிறது, வாயில் எச்சில் ஒழுகுகிறது என்றால் கை வைக்காதீர்கள். அது வெறிநோயாகவும் இருக்கலாம். கடி பட்டுவிட்டால், வீட்டு நாயே ஆனாலும், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியைப் பற்றிக் கேளுங்கள்.

எந்தக் கால் என்பதிலேயே பலருக்குக் குழப்பம் வருகிறது. முன்னங்கால் வலித்தால் நாய் தலையை ஆட்டி நடக்கும். நல்ல கால் தரையில் படும்போது தலை கீழே போகும், வலிக்கிற கால் படும்போது தலை மேலே தூக்கும். பின்னங்கால் என்றால் வலிக்கிற பக்கத்துச் சப்பை மேலே எழும்பும். நடக்கவிட்டு ஒருவர் வீடியோ எடுத்துவிடுங்கள். ஆஸ்பத்திரி மேஜையில் ஏற்றியதும் பயத்தில் நாய் நொண்டுவதை மறந்துவிடும். டாக்டருக்கு அந்த வீடியோ பெரிய உதவி. கால் தொங்குகிறது, எலும்பு வெளியே தெரிகிறது என்றால் இந்த நடக்கவிடும் வேலையே வேண்டாம். ஒரு பலகையிலோ விரிப்பிலோ படுக்க வைத்து அப்படியே தூக்குங்கள்.

தொடுவதை எப்போதும் நல்ல காலிலிருந்து ஆரம்பியுங்கள். அதன் கனம், சூடு, முட்டி மடங்குகிற விதம் எல்லாம் கைக்குப் பழகிய பிறகு வலிக்கிற காலுக்கு வாருங்கள். நகத்திலிருந்து மேலே போங்கள். நகம் பிளந்திருக்கிறதா, விரல்களுக்கு நடுவே முள் ஏறியிருக்கிறதா, உள்ளங்கால் மெத்தையில் கிழிசல் உண்டா, காலைச் சுற்றி ரப்பர் பேண்டோ பட்டக் கயிறோ முடிக்குள் மறைந்து இறுக்கிக்கொண்டிருக்கிறதா? இந்தக் கடைசிச் சங்கதி நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது. குழந்தைகள் விளையாட்டாக மாட்டிவிட்ட ரப்பர் பேண்டு முடிக்குள் புதைந்து, தோலை அறுத்துக்கொண்டு உள்ளே போய்விடும். கயிற்றுக்கு மேலே கால் சாதாரணமாக இருக்கும், கீழே பூரித்துப்போயிருக்கும். அதேபோல டிரிப் ஏற்றிய காலில் டேப்பை இறுக்கமாகச் சுற்றி அனுப்பியிருந்தால் கட்டுக்குக் கீழே பாதம் வீங்கும். நடுவிரல்கள் இரண்டின் நகங்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்பது அதன் முதல் அடையாளம். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுகிற நாட்டுக் கட்டிலும் இந்த ஆபத்து உண்டு. கட்டுக்குக் கீழே விரல்கள் சில்லிட்டால் அந்தக் கட்டு அன்றைக்கே அவிழ வேண்டும்.

காலை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள், உதட்டைத் தூக்கி ஈறையும் பாருங்கள். ஆரோக்கியமான ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, 2 விநாடிக்குள் நிறம் திரும்பிவிடும். வெளிறியோ சாம்பல் பூத்தோ இருந்தால், சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், பிரச்சினை காலோடு நிற்கவில்லை. மூக்கு ஈரமா காய்ந்ததா என்று பார்த்துக் காய்ச்சல் சொல்கிற வழக்கத்தை விட்டுவிடலாம். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரை நாய்க்கென்றே வாங்கி வையுங்கள். ஆசனவாயில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை நாய்க்கு இயல்பு. நமக்குக் காய்ச்சல் என்கிற அளவு அதற்குச் சாதாரணம்.

"ஆனா நல்லா சாப்புடுது அக்கா, வாலையும் ஆட்டுது." இதைக் கேட்கும்போதுதான் எனக்குப் பதற்றம் கூடும். எலும்பு முறிந்த நாயும் சாப்பிடும். சொந்தக்காரர் வந்தால் வாலாட்டும். நாய் வலியைச் சொல்கிற வழிகள் வேறு: இரைப்பு, நடுக்கம், படுத்த இடம் மாறாமல் கிடப்பது, அந்தக் காலையே விடாமல் நக்குவது.

இனி பாம்புக்கு வருகிறேன். எங்கள் கரிசல் காட்டில் இதைச் சொல்லாமல் நாய்க்கால் வீக்கத்தைப் பற்றி எழுத முடியாது.

ஒரு ஐப்பசி மழை நேரம். எங்கள் செவலை, சிப்பிப்பாறைப் பெட்டை, பொழுது சாய்கிற வேளையில் வேலிப்பக்கமிருந்து மூன்று காலில் வந்தாள். இடது முன்னங்கால் கணுவுக்கு மேலே வீங்கியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "முள்ளு கிள்ளு ஏறியிருக்கும்த்தா, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சுப் பத்துப் போடு" என்றார். டார்ச் அடித்து முடியை விலக்கினால், ஒரு புள்ளியிலிருந்து ரத்தம் சொட்டாமல் கசிந்துகொண்டே இருந்தது. துடைத்தால் திரும்பவும் கசிவு. முள் குத்தினால் இவ்வளவு நேரம் ரத்தம் வராது. "பெரியப்பா, இது கடிவாய் மாதிரி இருக்கு" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. உடனே கயிறு தேட ஆரம்பித்தார், மேலே இறுக்கிக் கட்ட. அந்த ஒன்றை மட்டும் வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கயிறு ஏன் வேண்டாம்? விரியன் விஷம் இறங்கிய இடத்திலேயே சதையை அரிக்கும். இறுகக் கட்டினால் ரத்த ஓட்டமும் நின்று, விஷமும் அங்கேயே தேங்கி, காலே அழுகிப்போகலாம். கட்டை அவிழ்க்கும்போது தேங்கிய விஷம் மொத்தமாக உடம்புக்குள் பாயும் ஆபத்தும் உண்டு. கீறி ரத்தம் எடுப்பது, வாய் வைத்து உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எல்லாமே கெடுதல்தான். கீறினால் ரத்தம் நிற்காது, ஏனென்றால் ரத்தம் உறைகிற திறனைத்தான் அந்த விஷம் முதலில் அழிக்கிறது. செய்ய வேண்டியது, நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போவது. நடந்தால் தசை அசைந்து விஷம் வேகமாகப் பரவும். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். முகத்திலோ கழுத்திலோ கடி இருந்தால் வீக்கத்தில் அது இறுக்கிவிடும். பாம்பைத் தேடி வேலிக்குள் கம்பை விடாதீர்கள். அதை அடித்துக் கொண்டுபோக வேண்டிய அவசியம் மருத்துவருக்கு இல்லை.

நாய்கள் அதிகம் கடிபடுவது மூக்கிலும் முகத்திலும் முன்னங்கால்களிலும். மோப்பம் பிடித்துக்கொண்டு மூக்கை நீட்டும், முன்காலால் சுரண்டும். பாம்புக்கு எட்டுவது அவைதானே. எலி இருக்கிற இடத்துக்குக் கண்ணாடி விரியன் வரும். அந்தி மயங்கியதும் நடமாட ஆரம்பிக்கும். சுருட்டை விரியன் உருவத்தில் சின்னது, காய்ந்த காட்டில் கல்லுக்கடியில் கிடக்கும். இரண்டுமே வீக்கத்தையும் ரத்தக் கசிவையும் கொண்டுவரும். நல்லபாம்பு கடித்தாலும் கடிவாய் வீங்கும், ஆனால் கூடவே கண் இமை தொங்குவதும் கால் தள்ளாடுவதும் மூச்சுத் திணறுவதும் சேர்ந்துகொள்ளும். கட்டுவிரியன் கடியில் வீக்கம் ஏறக்குறைய இருக்கவே இருக்காது. ஆகவே வீக்கமில்லை, பாம்பில்லை என்று யாரும் முடிவுகட்டக் கூடாது.

செவலையைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் செய்த சோதனை இன்னும் என் கண்ணில் நிற்கிறது, அத்தனை எளிமை. கொஞ்சம் ரத்தம் எடுத்து, சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, யாரும் தொடாமல் மேஜையில் நிறுத்தினார். 20 நிமிடம். பிறகு மெல்லச் சாய்த்துப் பார்த்தார். உறைந்திருக்க வேண்டிய ரத்தம் தண்ணீராக ஓடியது. "பாத்தியாம்மா, விரியன்தான்" என்றார். பிளாஸ்டிக் குழாயில் இந்தச் சோதனை சரிவராதாம். கண்ணாடியின் மேற்பரப்புதான் உறைதலைத் தூண்டிவிடுகிறது. பெரிய மெஷின் இல்லாத ஊர் மருத்துவமனையிலும் செய்யக்கூடிய சோதனை இது. மனிதர்களுக்கும் இதையேதான் செய்கிறார்கள்.

விஷமுறிவு மருந்தும் மனிதர்களுக்குப் போடுகிற அதே மருந்துதான். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்குக்கும் சேர்த்த ஒரே மருந்து. பாம்பு விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்துச் செய்கிறார்கள். அந்த விஷத்தில் பெரும்பங்கு எங்கிருந்து போகிறது தெரியுமா? மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து. 1978இல் தொடங்கிய சங்கம். காட்டில் பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்துவிட்டு, மறுபடி காட்டிலேயே கொண்டுபோய் விடுகிறார்கள். இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது நான் எங்கள் வீட்டில் இனிப்புச் செய்தேன். செவலையின் உடம்பில் ஏறிய மருந்தில் அவர்களைப் போன்றவர்களின் உழைப்பு இருந்தது.

மருந்து விஷயத்தில் இரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்ளுங்கள். நாய் சின்னது என்பதற்காக மருந்து குறையாது. பாம்பு செலுத்திய விஷம் எவ்வளவோ அதை முறிக்கத்தான் மருந்து. உடம்பு எடைக்கு ஏற்ற கணக்கு அதற்கில்லை. குட்டி நாய்க்குக் கூடுதல் ஆபத்து என்றே சொல்லலாம். இரண்டாவது, குதிரையின் புரதம் என்பதால் சில நாய்களுக்கு ஒவ்வாமை வரும். அதனால்தான் டிரிப்பில் மெதுவாக ஏற்றி, அட்ரினலினைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொள்கிறார்கள். யாராவது வீட்டுக்கு வந்து ஊசியாகப் போட்டுவிட்டுப் போகிற மருந்தல்ல இது. எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு சதை பிழைக்கும். அரித்துப்போன சதையை அந்த மருந்து திருப்பிக் கொடுக்காது.

செவலைக்கு மறுநாள் ரத்தம் உறைய ஆரம்பித்தது. ஆனால் டாக்டர் அதற்குப் பிறகும் தினமும் கேட்டது சிறுநீரைப் பற்றி. எவ்வளவு போகிறாள், என்ன நிறம்? கண்ணாடி விரியன் விஷம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கால் வற்றி, நாய் எழுந்து நடந்து, வீட்டில் எல்லோரும் நிம்மதியான பிறகும் அந்தப் பாதிப்பு வெளிப்படலாம். சிறுநீர் குறைந்தாலோ, கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ அந்த நிமிடமே திரும்ப வரச் சொன்னார். கடிவாய்த் தோல் கறுத்து உரிந்து, புண் ஆறிப் புதுத்தோல் மூட வெகுநாள் ஆனது. இன்று ஓடுகிறாள். முயலை மட்டும் விட்டுவிடுகிறாள்.

இப்போது மாத்திரை. நீங்கள் கேட்டதற்குப் பதில்: வீட்டில் இருக்கிற எதுவும் வேண்டாம். பாரசிட்டமால் நாயின் ஈரலைக் கெடுக்கும், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கிற தன்மையையும் கெடுக்கும்; பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும். ஐபுப்ரொஃபென் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். டைக்ளோஃபெனாக்கும் அப்படித்தான். விரியன் கடித்து ரத்தம் உறையாமல் இருக்கிற நாய்க்கு இந்த மாதிரி வலி மாத்திரை கொடுத்தால், கசிகிற ரத்தம் இன்னும் கசியும், ஏற்கெனவே அடிபடுகிற சிறுநீரகத்துக்கு இரண்டாவது அடி. டைக்ளோஃபெனாக் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவதை 2006இல் அரசு தடைசெய்தது. அந்த ஊசி போட்டு இறந்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக அழிந்ததுதான் காரணம். நம் மாநிலத்தில் மிச்சமிருப்பவை பெரும்பாலும் மாயாற்றுப் பள்ளத்தாக்கை நம்பி வாழ்கின்றன. ஒரு காலத்தில் எல்லா ஊர்க் காட்டிலும் இருந்த பறவை.

வலிக் களிம்புகளும் அப்படியே. நாம் தடவிக்கொண்டு சும்மா இருப்போம், நாய் நக்கும். அதிலிருக்கும் சாலிசிலேட் வயிற்றுக்குள் போகும். சுண்ணாம்புப் பத்தும் நக்கினால் நாக்கை வேகவைத்துவிடும். பெரியப்பா சொன்னது அன்பில்தான், ஆனால் அந்த மருந்து நக்காத உடம்புக்குச் சொன்னது. நாய்க்கென்றே உள்ள வலி மருந்து டாக்டரிடம் உண்டு, மெலாக்சிகாம் போல. எடை பார்த்து, சிறுநீரகம் தாங்குமா என்று பார்த்து அவர் கொடுப்பார். அதற்கு முன்னால் யாராவது வீக்கம் வற்ற 'டெக்ஸா' ஊசி போட்டிருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஸ்டீராய்டும் வலி மருந்தும் ஒன்றாகச் சேர்ந்தால் குடலில் ஓட்டை விழும் அளவுக்குப் போகலாம். திட்டுவாரோ என்று மறைக்கிறார்கள். மறைப்பது நாய்க்குத்தான் ஆபத்து. அடிபட்டுச் சுளுக்கு என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும், துணியில் சுற்றிய ஐஸைப் பத்து நிமிடம் வைக்கலாம். கடி என்ற சந்தேகம் துளி இருந்தாலும் அதுவும் வேண்டாம். போகும் வழியில் பிஸ்கட் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து தேவைப்பட்டால் வயிறு காலியாக இருப்பது நல்லது.

பாம்பை விட அதிகமாக நான் பார்ப்பது உண்ணிக் காய்ச்சல். மதுரையில் என் நாத்தனார் வீட்டு லேப்ரடாரைச் சுளுக்கு என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை முன்னங்கால், வெள்ளிக்கிழமை பின்னங்கால். "ஒரு கால் சரியானா இன்னொரு கால் நொண்டுது மதினி" என்று அவர் சொன்னதும் எனக்கு உறைத்தது. சுளுக்கு இடம் மாறாது. பழுப்பு நிற நாய் உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமி ரத்தத்தில் புகுந்தால், உடம்பின் எதிர்ப்பு சக்தி மூட்டுகளையும் தாக்கத் தொடங்கும். மூட்டு வீங்கும், கால் மாறி மாறி நொண்டும், காய்ச்சல் அடிக்கும், கழுத்திலும் தொடையிலும் நெறி கட்டும், தட்டணுக்கள் சரியும். ஈறிலும் அடிவயிற்றிலும் சிவப்புப் புள்ளிகள், சில நாய்களுக்கு மூக்கிலிருந்து ரத்தம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மருந்து டாக்ஸிசைக்ளின், வழக்கமாக 4 வாரம். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் ஒன்றிரண்டு நாளில் நாய் துள்ளிக் குதிக்கும். அதைப் பார்த்துவிட்டு மருந்தை நிறுத்துகிற வீடுகள்தான் அதிகம். நிறுத்தினால் கிருமி எலும்பு மஜ்ஜை வரை போய்ப் பதுங்கி, மாதங்கள் கழித்து மோசமான உருவத்தில் திரும்பி வரலாம். மாத்திரையை வெறும் தொண்டையில் தள்ளாதீர்கள், உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். சோற்றோடு கொடுத்துத் தண்ணீர் காட்டுங்கள். உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாய் மேல் கழிப்பதில்லை. சுவர் வெடிப்பிலும் கட்டில் சட்டத்திலும் கதவு நிலையிலும்தான் இருக்கும். ஒரு பெட்டை உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு வீட்டை விட்டுவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றுவது வேண்டாம், தோல் வெந்துபோகும்.

பின்னங்காலை நுனிவிரலில் மட்டும் தொட்டுத் தொட்டு நடக்கிற, உடம்பு பெருத்த நாய்க்கு முட்டிக்குள் ஜவ்வு கிழிந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரிகிற வீக்கம் பெரிதாக இருக்காது. எக்ஸ்ரேயும் டாக்டரின் கையும்தான் சொல்ல வேண்டும். பெரிய இனத்துக் குட்டிகளுக்கு மணிக்கட்டுக்கு மேலே வீங்கி, காய்ச்சலும் சேர்ந்தால் எலும்பு வளரும் இடத்தில் அழற்சி. அப்போது வீட்டுக்கு வீடு கால்சியம் டானிக்கை ஊற்றுகிறார்கள். பெரிய இனக் குட்டிக்குக் கூடுதல் கால்சியம் எலும்பைக் கோணலாக்கிவிடும்.

எனக்குச் சொல்லக் கஷ்டமானது எலும்புப் புற்று. ராட்வீலர், கிரேட் டேன் போன்ற பெரிய உடம்புக்காரர்களுக்கு, பெரும்பாலும் நடுவயதுக்கு மேல். முன்னங்காலில் மணிக்கட்டுக்குச் சற்று மேலே அல்லது தோளருகே, பின்னங்காலில் முட்டியைச் சுற்றி. கை வைத்தால் கல் மாதிரி, அசையாது, தொட்டாலே சிணுங்கும். எண்ணெய் போட்டு நீவுவது இங்கே பெரும் ஆபத்து, அரித்துப்போன எலும்பு அந்த அழுத்தத்திலேயே முறியும். மத்திய வயதைத் தாண்டிய பெரிய நாய் நொண்டினால், ஓய்விலும் சரியாகாவிட்டால், எக்ஸ்ரே எடுக்காமல் விடாதீர்கள். காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லும்போது ஜனங்கள் அழுவதைப் பார்த்திருக்கிறேன். மூன்று காலில் நாய் நன்றாகவே வாழும். அதற்குத் தன் காலைப் பற்றிய வெட்கம் கிடையாது. வலி போய்விட்டால் போதும், நாம்தான் அதைப் பார்த்துப் பழக வேண்டும். புற்று ஏற்கெனவே நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் எந்த முடிவும், ஆகவே நெஞ்சுக்கும் ஒரு எக்ஸ்ரே கேட்பார்கள். செலவைப் பற்றியும் நாள்களைப் பற்றியும் டாக்டரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். அந்தப் பேச்சில் தப்பு எதுவும் இல்லை.

இவ்வளவும் தெரிந்தாலும், ராத்திரி பத்து மணிக்கு எங்கே போவது என்பது தெரியாவிட்டால் பயனில்லை. அதனால் நாய் நன்றாக இருக்கும்போதே ஒரு மாலை நேரத்தை இதற்குக் கொடுங்கள். உங்கள் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: விஷமுறிவு மருந்து கைவசம் வைத்திருக்கிறீர்களா, இல்லையென்றால் யாரிடம் இருக்கும், இரவில் யார் போனை எடுப்பார்? எல்லாக் கால்நடை மருந்தகத்திலும் அது இருக்காது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் உண்டு. சென்னைக்காரர்களுக்கு 1903இலிருந்து இருக்கிற வேப்பேரிக் கல்லூரி. 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண் பெரும்பாலும் ஆடு மாடுகளுக்கானது. உங்கள் வட்டாரத்தில் நாய்க்கும் வருவார்களா என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் நாயை ஏற்றச் சம்மதிக்கிற ஆட்டோக்காரர் ஒருவரின் எண்ணும் வேண்டும். எங்கள் தெருவில் நாலு ஆட்டோ இருந்தும், ரத்தம் கசிகிற நாயை மடியில் வைத்துக்கொண்டு நின்றபோது ஏற்றிக்கொண்டவர் ஒருவர்தான். அவர் எண் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறது, டாக்டர் எண்ணுக்கு மேலே.

புரட்டாசி முடியப்போகிறது. வேலியோரப் புல்லை வெட்டிவிடுங்கள், விறகையும் செங்கலையும் நாய் படுக்கிற இடத்திலிருந்து தள்ளி அடுக்குங்கள், சிந்திய தீவனத்தை ராத்திரிக்கு விட்டுவைக்காதீர்கள், எலி வரும். மழை தொடங்குவதற்குள் டாக்டரைக் கூப்பிட்டு அந்த மருந்தைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.